படலை இல்லாத வீடு

யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் வேலிக் கதவான படலையில் நின்று குரல் கொடுக்க வேண்டும். நாய் குரைக்கும். யாரென்று உள்ளேயிருந்து கேட்போம். பிறகுதான் படலை திறக்கும். மன்னார்குடிக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் படலையும் இல்லை, வேலியும் இல்லை. தெருவை ஒட்டித் திண்ணை, திண்ணைக்குப் பின்னால் கதவு. வந்த மூன்றாம் நாள் மத்தியானம் கதவைத் திறந்தால், முன்பின் தெரியாத ஒரு பெரியவர் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். பதறிப்போய் உள்ளே ஓடினேன். அத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரம் இருக்கும். சித்த நேரம் படுத்திருப்பாரு. ஒரு சொம்பு தண்ணி கொண்டு போய் வையி" என்றார்.

2025 பங்குனியில் காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினேன். 2023 ஒக்ரோபரில் தொடங்கி, இடையில் நின்று, மறுபடி ஓடும் சேவை அது. நாலு மணி நேரப் பயணம். எங்கள் ஊரில் எத்தனையோ பேர் பாக்கு நீரிணையை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள். நான் பயணச்சீட்டோடு பகலில் வந்தேன். கப்பல் கம்பியைப் பிடித்தபடி வழி முழுக்க அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விசா, பதிவு என்று அலைந்ததெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

இங்கும் தமிழ், அங்கும் தமிழ் என்று நம்பி வந்தேன். இரண்டாம் நாளே என் கணவர், "அம்மா உன்கிட்டப் பேசணுமாம்" என்றார். எங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. என்ன பிழை விட்டேனோ என்று நெஞ்சு அடிக்கப் போய் நின்றேன். அவர் கேட்டது, எனக்குச் சாம்பாரில் புளி எவ்வளவு வேண்டும் என்று! எங்களுக்குக் கணவரின் தாய் மாமி. இங்கே மாமி என்று கூப்பிட்டால் அக்கிரகாரத்துப் பெண்களை நினைக்கிறார்கள். ஆகவே அத்தை. இன்னொரு நாள் "முத்தத்துல துணி காயுது, எடுத்துட்டு வா" என்றார். நான் தெருப்பக்கம் போய்த் தேடினேன். எங்களுக்கு முற்றம் என்பது வீட்டுக்கு முன்னால் காலையில் கூட்டிப் பெருக்கும் மணல்வெளி. இவர்களுக்கு அது வீட்டின் நடுவே வானம் பார்த்த சதுரம். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழை அதற்குள்தான் விழும். முன்பக்கம் வாசல், அதில் தினமும் கோலம். நாங்கள் பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் மட்டுமே கோலம் போடுவோம். இங்கே விடிவதற்கு முன்பே தெரு முழுக்கச் சாணித் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்கும்.

வீட்டைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறதோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது. குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள், உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும் நன்னீர்தான் எங்கள் சொத்து. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு சவராகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்து வருசம் முழுக்கச் சீவிக்க வேண்டும். வளவுக்குள் கிணறு, சுற்றிவரக் கிடுகு வேலி, வேலியைத் தாங்க நட்ட மரக் கொம்புகளான கதியால். இருப்பதைக் காத்து வைக்கிற வாழ்க்கை அது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேலியின் நிழலில்தான் நான் பயமில்லாமல் வளர்ந்தேன்.

இங்கே தண்ணீர் யார் கையாலோ எங்கிருந்தோ வருகிறது. ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அணை எத்தனை அடி என்று டீக்கடையில் கேட்டுக்கொள்வார்கள், முழு நீர்மட்டம் 120 அடி. 2025இல் அந்தத் தேதியிலேயே திறந்தார்கள். மூன்று நாள் கழித்துக் கல்லணை. அங்கே காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிந்து, நீடாமங்கலத்துக்குப் பக்கம் மூணாறு தலைப்பு என்னும் மதகில் மறுபடி பிரிந்து, அதில் ஒன்றான பாமணியாறு எங்கள் பக்கம் வருகிறது. "தலைப்பு தாண்டிடுச்சாம்" என்று ஒருநாள் மாலை யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். மறுநாள் ஆற்றங்கரையில் நான் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. காய்ந்து கிடந்த மணலில் குப்பையும் சருகும் நுரையும் முன்னால் வர, பின்னால் மண்ணிறத் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வந்தது. பையன்கள் அதற்கு முன்னால் ஓடினார்கள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். ஓடிவரும் தண்ணீரை வரவேற்பதை என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்டேன்.

இரண்டு வாரத்தில் கொல்லைக் கிணற்றிலும் தண்ணீர் ஏறியது. "ஆத்துல வந்தா கிணறு தானா ஊறும்" என்றார் அத்தை. கிணறு என்றாலே ஒரு வீட்டுக்குச் சொந்தம் என்றிருந்த எனக்கு அது பெரிய செய்தி. கடைமடையில் இருப்பவர்கள் தலைமடைக்காரர்களைத் திட்டுவதும் அதன்பிறகுதான் புரிந்தது. தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுகிறார்கள், ஷட்டர் திறக்கும் லஸ்கரை ராத்திரியில் போய் எழுப்புகிறார்கள்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது இங்கத்தை வழக்கம். என் தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம். காலையில் எதிர்வீட்டுப் பெரியம்மா தாம்பாளத்தில் பூவும் பழமும் கொண்டு வந்து, "இவளுக்கு அம்மா வீடு எங்க வீடுதான்" என்று அத்தையிடம் சொல்லி என் கையைப் பிடித்தார். தெருவைக் கடந்தேன், அவ்வளவு தூரம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சுவோம் என்றேன். நாங்கள் பனங்கட்டி என்பதை இங்கே கருப்பட்டி என்கிறார்கள், அதை வாங்கி வந்தார்கள். வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் போட்டு அன்று அவர் அடுப்பில் நான் காய்ச்சிய கூழைத் திண்ணைக்குத் திண்ணை டம்ளரில் கொண்டு போய்க் கொடுத்தார்.

பதினெட்டாம் பெருக்கு அன்று பாமணியாற்றுப் படித்துறையில் காப்பரிசி, காதோலை கருகமணி எல்லாம் வைத்துப் படைத்தோம். என் கழுத்தில் யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி. அதற்குப் பக்கத்தில் அத்தை ஒரு மஞ்சள் கயிறும் கட்டிவிட்டார். எடுத்து வைத்திருந்த எங்கள் கல்யாண மாலையை ஆற்றில் விட்டோம். "முத்துப்பேட்டை வழியா கடலுக்குப் போயிடும்" என்றார்.

அன்றிரவு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "மாலை உங்கட கடலுக்குத்தான் வருது அம்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எங்கட கிணறு நல்லா வத்திப்போச்சு, பிள்ளை. ஐப்பசி மழையைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றா.