மீன் தெருவில் ஒரு பூனைக்குப் பத்தியம்

பூனை வாந்தி எடுத்தால் "முடி சிக்கியிருக்கும், கக்கிடும்" என்று விட்டுவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எப்போதோ ஒருமுறை என்றால் சரி. மூன்று வாரத்துக்கு மேல் வாந்தியோ பேதியோ வந்து வந்து போனால், கூடவே உடம்பும் இளைத்தால், அது முடி விவகாரம் இல்லை, நாள்பட்ட குடல் கோளாறாக இருக்கலாம். எங்கள் பொட்டுவுக்கு வந்தது அதுதான். "இங்கிலீஷ் மருந்து வேண்டாம், இயற்கையாகவே பார்ப்போம்" என்று நினைக்கிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன். நானும் அந்தப் பக்கம் சாய்கிறவள்தான். ஆனால் பூனை உடம்பு என்னவென்று தெரிந்த ஒருவர் கூட இருந்தால்தான் அந்த வழியில் நடக்க முடியும்.

வீடு ராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடக்கிற தூரம். பொட்டுவுக்கு ஏழு வயதிருக்கும். வெள்ளை உடம்பு, நெற்றியில் கறுப்பாக ஒரு வட்டம். பிறந்ததிலிருந்து காரப்பொடி மீனும் கவலை மீனும் தின்று வளர்ந்தவள். நாலு கிலோவுக்கு மேல் இருந்தவள் மெல்ல மெல்ல மூன்று கிலோ சொச்சத்துக்கு வந்துவிட்டாள். தட்டை வழித்து நக்கிவிடுவாள், ஆனாலும் முதுகெலும்பு கையில் தட்டுப்படும். சளி கலந்த பேதி. ராத்திரியில் பக்கத்தில் படுத்தால் வயிறு கடமுடா என்று சத்தம் போடுவது கேட்கும்.

முதலில் போன கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் வாந்திக்கு ஓர் ஊசி, பேதிக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை. அந்த மாத்திரை கடும் கசப்பு. வாயில் பட்ட உடனே பொட்டு நுரை நுரையாக எச்சில் வடித்துக்கொண்டு பீரோவுக்கு அடியில் போய்விடுவாள். மாத்திரை போடும்வரை மலம் கட்டும், நிறுத்தினால் பழைய கதை. குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் அது கலைத்துவிடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த கிளினிக்கில் ஒருமுறைகூட மலத்தைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து, வால்டாக்ஸ் சாலை வழியாக வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1903-இல் தொடங்கிய கல்லூரி. வடசென்னைக்காரர்களுக்கு ஆடு, மாடு, நாய், பூனை எதுவானாலும் கடைசியில் நம்பிப் போகிற இடம். ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். நாய்களின் குரலில் பூனை மிரண்டுவிடும் என்பதால் கூடையை ஒரு பழைய புடவையால் மூடிக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று.

அங்கே பார்த்த டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுக்கவே இல்லை. என்ன சாப்பிடுகிறாள், யார் யார் கொடுக்கிறார்கள், தண்ணீர் எங்கே இருக்கிறது, எங்கே தூங்குகிறாள், வீட்டில் புதிதாக யாராவது வந்தார்களா என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மலப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் மூன்றும் எடுக்கச் சொன்னார். குடற்புழு, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எல்லாவற்றையும் தள்ளிவைத்த பிறகுதான் உணவைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவர் கணக்கு. வயதான பூனை தின்றுகொண்டே இளைத்தால் தைராய்டு மிகைப்பும் காரணமாக இருக்கலாமாம். பொட்டுவுக்கு அதெல்லாம் இல்லை. ஸ்கேனில் சிறுகுடல் சுவர் கொஞ்சம் தடித்திருந்தது. அது வெறும் குடல் அழற்சியா, மெதுவாக வளரும் லிம்போமா புற்றுநோயா என்று ஸ்கேன் மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது, அதற்குக் குடலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி வேண்டும் என்று மறைக்காமல் சொன்னார். "சாப்பாட்டை மாத்திப் பாப்போம்மா. நெறைய பூனைங்க அதுலயே தேறிடும். ரெண்டு வாரத்துல மாற்றம் தெரியணும். தெரியலன்னா அடுத்த படிக்குப் போலாம்" என்றார்.

பத்தியம் இதுதான்: பொட்டு இதுவரை தின்றே இராத ஒரே ஓர் இறைச்சி. மீனும் கூடாது, கோழியும் கூடாது, பால் தயிர் கூடாது. பூனைகளுக்கு ஒவ்வாமை தருவதில் மாட்டிறைச்சி, மீன், கோழி மூன்றும்தான் முன்வரிசையாம். புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் செய்த மருத்துவ உணவும் கடையில் கிடைக்கிறது. ஒரு பை வாங்கினோம், மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். கடைசியில் ஆட்டுக்கறி என்று முடிவானது. கொழுப்பில்லாத தொடைக்கறி, உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு எதுவும் படாமல் வேகவைத்தது. வெறும் கறியைச் சில வாரம் கொடுக்கலாம், அதையே நிரந்தரமாகக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தும் டாரின் என்ற அமினோ அமிலமும் குறையும் என்று சொல்லி, கலப்பதற்கு ஒரு சத்துப் பொடி எழுதிக் கொடுத்தார். டாரின் குறைந்தால் பூனைக்குக் கண் கெடும், இதயம் வீங்கும். இதய நோய்க்கு அதுதான் காரணம் என்று 1987-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"பசிச்சா தானா திங்கும், விடு" என்று பலரும் சொன்னார்கள். பூனை விஷயத்தில் இது ஆபத்தான பேச்சு. இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் தின்னாமல் கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே வம்பாகிவிடும். அதனால் பழைய சாப்பாட்டில் துளித்துளியாகக் கறியைச் சேர்த்து, ஒரு வாரம் போல எடுத்துக்கொண்டு மாற்றினோம்.

வீட்டுக்குள் பத்தியம் காப்பது சுலபம். தெரு? எங்கள் தெருவில் காலையில் ஏலம் முடிந்து கூடையோடு வருகிற ஆயாக்கள் உட்கார்ந்து மீன் ஆய்வார்கள். தலையும் குடலும் பூனைகளுக்குப் போகும். பொட்டு அவர்கள் எல்லாருக்கும் செல்லம். கதவைச் சாத்தி வைத்தால் கத்தியே ஊரைக் கூட்டுவாள். ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினேன். எதிர்வீட்டு ஆயாதான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "பூனைக்கு மீனு குடுக்கக் கூடாதுன்னு எந்த ஊர்லம்மா சொல்றாங்க? வாயில்லா ஜீவன், பாவம்" என்று கண் கலங்கிவிட்டார். அவரைத் திட்ட முடியுமா? பொட்டுவின் முதுகைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். எலும்பு கையில் பட்டதும் சும்மா இருந்தார். அதற்கப்புறம் தெருவில் வேறு யாராவது மீனை நீட்டினால் அதட்டுகிற ஆள் அவர்தான்.

நேரமும் கைகொடுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்தத் தடைக்காலம் எங்களைப் போன்ற தெருக்களுக்குக் கஷ்ட காலம், பல வீட்டில் அடுப்பு எரிவதே சிரமம். ஃபைபர் படகு மீன் வரும், ஆனால் தெருவில் சிந்துகிற அளவுக்கு வராது. பத்தியத்தை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளலாம் என்றது அம்மாவின் யோசனை.

இன்னொரு முக்கியமான விஷயம் பி12 வைட்டமின். குடல் கெட்ட பூனைக்கு உணவிலிருந்து பி12 உடம்பில் சேராது. பி12 குறைந்தால் பசி மந்தமாகி குடல் இன்னும் கெடும். வாரம் ஓர் ஊசி, 250 மைக்ரோகிராம், ஆறு வாரம், பிறகு ஒரு மாதம் கழித்து ஒன்று. இரண்டாவது ஊசியிலிருந்து வீட்டிலேயே போட டாக்டரம்மா கற்றுக் கொடுத்தார். தோள்பட்டைக்கு நடுவே தோலை இரண்டு விரலால் கூடாரம் போலத் தூக்கி, அடியில் உள்ள பள்ளத்தில் ஊசியை நுழைக்க வேண்டும். மருந்து நல்ல சிவப்பு. வெள்ளை ரோமத்தில் இளஞ்சிவப்பாக ஈரம் தெரிந்தால் ஊசி தோலைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போட்டால் பொட்டு தலையைக்கூடத் தூக்க மாட்டாள்.

நாட்டு மருந்துக்கு வருகிறேன். ஓமத்தண்ணீர், வசம்பு, பூண்டு, சோற்றுக்கற்றாழை, பெருங்காயம் என்று தெருவில் எல்லாரும் எதையாவது சொன்னார்கள். எதையும் கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், கொஞ்சம்கூட வேண்டாம். மாட்டின் மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுகிறார்கள், ஆனால் அதே கற்றாழையின் மஞ்சள் பால் பூனை வயிற்றுக்குள் போனால் பேதியைக் கூட்டும். வசம்பு வேண்டாம். நீலகிரித் தைலம், கற்பூரம் போன்றவற்றைத் தடவவே கூடாது, நக்கி நக்கி உள்ளே போய்விடும். மனிதக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் வெளியேற்ற முடியாது. ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும் என்பதும் இதனால்தான். இயற்கையானது என்பதாலேயே பூனைக்குச் சாதுவானது ஆகிவிடாது என்பதை நான் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். தாளில் எழுதியதில் தப்பியது வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒன்றுதான். அதுவும் ஒரு சின்ன கரண்டி, நார்ச்சத்துக்காக. கூடவே பூனைக்கென்று வரும், நல்ல கிருமிகள் அடங்கிய ப்ரோபயாடிக் பொடி.

வீட்டிலும் சிலதை மாற்றினோம். ஒரு வேளைச் சாப்பாட்டை நாலு சின்ன வேளையாகப் பிரித்தோம். தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, மண்சட்டியில் வைத்தோம். தெருவில் மேளம், வெடிச்சத்தம் கேட்டால் ஒளிந்துகொள்ள பரண் மேல் ஓர் அட்டைப்பெட்டி. பயமும் பதற்றமும் குடலைக் கலக்கும் என்பதை நாங்களே கண்ணால் பார்த்தோம். கோயில் திருவிழா ராத்திரிக்கு மறுநாள் மலம் இளகும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவந்தேன். டாக்டரம்மா அதிகம் புரட்டியது ஸ்கேன் படத்தை இல்லை, அந்த நோட்டைத்தான்.

இரண்டாவது வாரத்திலேயே வாந்தி நின்றது. மலம் கட்ட இன்னும் கொஞ்ச நாள் ஆனது. எடை ஏறிய பிறகு பழைய உணவை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். கோழி ஒத்துக்கொண்டது. வேகவைத்த மீன் கொடுத்ததும் வாந்தியும் சளிப் பேதியும் திரும்பின, நிறுத்தியதும் அடங்கின. குற்றவாளி மீன்தான் என்பது அப்போது உறுதியானது.

பொட்டுவுக்கு ஸ்டீராய்டு தேவைப்படவில்லை. அதை வைத்து எல்லாப் பூனைக்கும் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உணவுக்கு அடங்காத அழற்சிக்கு ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுதான் மருந்து. மெதுவாக வளரும் லிம்போமாவாக இருந்தால்கூட அதோடு குளோராம்புசில் மாத்திரை சேர்த்துக் கொடுத்துப் பல பூனைகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கின்றன. ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டால் பயாப்ஸியில் நோய் சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால், எதை முதலில் செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இப்போது கோழியும் ஆட்டுக்கறியும் மாற்றி மாற்றி, சத்துப் பொடி கலந்து. பொட்டு நாலு கிலோவைத் தொட்டுவிட்டாள். பொங்கல் கழித்து இன்னொரு ஸ்கேன் இருக்கிறது. குடல் சுவரின் தடிப்பு கூடியிருந்தால் பயாப்ஸிக்கு ஒத்துக்கொள்வது என்று நானும் அம்மாவும் பேசி முடிவு செய்திருக்கிறோம். அதற்காக மாதாமாதம் கொஞ்சம் பணமும் எடுத்துவைக்கத் தொடங்கியாயிற்று.