தண்டுவடம் ஏன் மீண்டும் வளர்வதில்லை?
கையில் அறுபட்ட நரம்பைத் தைத்துவிட்டால், நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். தண்டுவடத்தில் அப்படி நடப்பதில்லை. 1981இல் மாண்ட்ரியலில் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் கால் நரம்புத் துண்டை மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாக வைத்தார்கள். வளரவே வளராது என்று கருதப்பட்ட நரம்பிழைகள் அதற்குள் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஓடின! தடை பெருமளவு சுற்றியுள்ள திசுவில்தான் இருந்தது. எனக்கு மிகப் பிடித்த ஆய்வு இது.

செல்லுக்குள்ளும் ஒரு தடை உண்டு. 2008இல் சிகாங் ஹே குழுவினர் எலிகளின் விழித்திரைச் செல்களில் பிடென் மரபணுவை நீக்கினார்கள். எம்டார் என்னும் வளர்ச்சிச் சமிக்ஞை ஓங்கியது, தண்டுவடம் போலவே தானாக மீண்டும் வளராத பார்வை நரம்பு நசுங்கிய பிறகும் வளர்ந்தது. ஆனால் புற்றுநோயைத் தடுப்பதும் அதே பிடென்தான். மனிதரிடம் அதை அப்படியே நீக்கிவிட முடியாது. இது தெரிந்தும் 'நரம்பை வளர்க்கும் அதிசய மருந்து' என்று சக்கர நாற்காலியில் இருப்பவர்களிடம் பணம் பறிப்பவர்களைக் கண்டால் கொதிக்கிறது.