"சரியா இருக்கு டாக்டர்" என்ற அவசரப் பதில்

பல் அடைத்து முடிந்ததும், பற்கள் முட்டும் இடத்தில் நிறம் ஒட்டுகிற நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்கிறோம். "உயரமா இருக்கா?" என்று கேட்கிறோம். பல் வைத்தியம் என்றாலே நடுங்குகிறவரிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சரியா இருக்கு டாக்டர்." எப்போது எழுந்து போகலாம் என்ற தவிப்பில் வருகிற பதில் அது. தாடையோ மரத்துக் கிடக்கிறது. கீழ்த்தாடைக்கு ஊசி போட்டால் உதடும் நாக்கும் 2 முதல் 4 மணி நேரம் வரை மரத்திருக்கும். எந்தப் பல் முதலில் முட்டுகிறது என்பது அவருக்கே தெரியாது. மரப்பு விட்டபின் ராத்திரிச் சாப்பாட்டில் முதல் வாயிலேயே சுரீர் என்கிறது. "சும்மா இருந்த பல், அடைச்ச பிறகு வலிக்குது" என்ற முறையீடு பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது.

பல் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. வேரைச் சுற்றி ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. அடைப்பு தலைமுடி அளவு உயர்ந்திருந்தாலும், ஒவ்வொரு கடியிலும் முழு விசையும் அந்தப் படலத்தின் மேல் இறங்கும். இரண்டு நாளில் அது புண்ணாகிவிடும். கடித்தால் மட்டும் வலி, தட்டினால் வலி, மற்ற நேரம் சும்மா இருக்கும். இதற்கு மருந்து தேவையில்லை. உயரமான இடத்தைச் சீவிவிட்டால் போதும். ஊசியும் வேண்டாம், மெஷின் ஓடுவதும் சில விநாடிதான். சீவிய பிறகு சில நாட்களில் வலி அடங்கும்.

ஆகவே, கடியைப் பார்க்கும் வேலையை நோயாளியின் வாய்ச்சொல்லை நம்பிச் செய்யக் கூடாது. ஊசி போடுவதற்கு முன்பே தாளை வைத்து, இயல்பான கடியில் எங்கெங்கே புள்ளி விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அடைத்த பிறகு நாற்காலியை நிமிர்த்தி உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது கீழ்த்தாடை பின்னுக்குச் சரிவதால் கடி மாறிவிடும். பல்லை நன்றாகக் காய வைத்தால்தான் தாள் நிறம் பிடிக்கும். 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 40 பங்கு) தடிமனுள்ள தாளில் முதலில் டக் டக் என்று கடிக்கச் சொல்லி, பிறகு வேறு நிறத் தாளில் பக்கவாட்டில் அரைக்கச் சொல்ல வேண்டும். புள்ளி அடர்த்தியாக விழுந்தால் மட்டும் அது உயரம் என்று அர்த்தமில்லை. நடுவில் வெளுத்து, சுற்றிலும் வளையம் போல நிறம் பிடித்திருந்தால் அந்த இடம்தான் அழுத்தமாக முட்டுகிறது. பக்கத்துப் பற்களிலும் ஊசிக்கு முன் இருந்த புள்ளிகள் திரும்ப வந்தால்தான் வேலை முடிந்தது.

இன்னொரு வகை வலி கடியோடு சம்பந்தமில்லாதது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம், விட்டதும் ஐந்தாறு விநாடியில் போய்விடும். எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள திரவம் அசைந்தால் உள்ளே நரம்பு துடிக்கும். பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட்டில் பல்லோடு ஒட்டும் படலம் சரியாக அமையவில்லை என்றால் இந்தக் கூச்சம் வரும். ஒட்டு பிடிப்பதற்காக முதலில் பூசும் 37 சதவீத பாஸ்போரிக் அமிலத்தை டென்டினில் 15 விநாடிக்கு மேல் விடுவது, கழுவிய பின் காற்றடித்து வறட்டிவிடுவது, 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக ஒரே தடவையில் வைத்து விளக்கொளியில் இறுக வைப்பது, நடுவில் எச்சில் படுவது எல்லாம் காரணங்கள்.

எச்சில் விஷயத்தில் பயமும் வந்து சேர்ந்துகொள்கிறது. பயந்தவர் வாயைப் பாதிதான் திறப்பார், நாக்கு அடங்காது, அடிக்கடி விழுங்குவார். ஈரம் பட்ட இடத்தில் ஒட்டு பிடிக்காது. அடைக்கும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் டாம் என்ற மெல்லிய விரிப்பும், கடித்துக்கொள்ள ஒரு ரப்பர் கட்டையும் கொடுத்தால் அவர் தாடைக்கும் ஓய்வு, நம் வேலைக்கும் பாதுகாப்பு. மூச்சு முட்டுமோ என்று கேட்பவர்களுக்கு மூக்கு திறந்தே இருப்பதைக் காட்டிவிட்டுப் போட வேண்டும். வலியோடு திரும்பி வந்தவரிடம் "நீங்க ரொம்ப பயப்படுறீங்க, அதான்" என்று சொல்லி அனுப்புவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது. பயந்தவருக்கு வலி கூடுதலாகத் தெரியலாம். அதனால் காரணம் தேடாமல் விடலாம் என்றாகிவிடாது.

பயத்தையும் அளந்து பார்க்கலாம். ஐந்தே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் தமிழிலும் இருக்கிறது. 25-க்கு 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம். அப்படிப்பட்டவருக்குக் காலையில் முதல் நேரத்தைக் கொடுப்பது நல்லது. நாள் முழுக்க நினைத்து நினைத்து வாடவேண்டியிருக்காது. வெறும் வயிற்றோடு வரக் கூடாது, இட்லியாவது சாப்பிட்டு வர வேண்டும். ஊசி நேரத்தில் மயங்கிச் சரிகிறவர்களில் பலர் பட்டினியாக வந்தவர்கள். மயங்கினால் நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தி வைத்தாலே பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

ஊசி வலிப்பது முனையால் மட்டுமல்ல, மருந்து வேகமாக உள்ளே போவதாலும்தான். ஈறைத் துடைத்து மரப்பு ஜெல்லை ஒரு நிமிடமாவது வைத்து, 2 மில்லி மருந்தை இரண்டு நிமிடம் எடுத்துச் செலுத்தினால் வித்தியாசம் தெரியும். மருந்தோடு கலந்த அட்ரினலினால் சிலருக்குக் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் மாரடைப்போ என்று பயந்துவிடுவார்கள். மரத்த பிறகும் அழுத்தமும் அதிர்வும் தெரியும், குத்தல் மட்டும் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். இடது கையைத் தூக்கினால் நிறுத்துவோம் என்று சொன்னால் நிறுத்தியே ஆக வேண்டும். சோதித்துப் பார்க்கச் சும்மா தூக்கினாலும்கூட. ஒரு தடவை நிறுத்தாவிட்டால் அடுத்த தடவை அவர் வரமாட்டார். மேல் பல்லில் கை வைத்தால் கண் போய்விடும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் உண்டு. பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பில்லை என்று பொறுமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குப் போனபின் என்ன வந்தால் பொறுக்கலாம், என்ன வந்தால் உடனே வர வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்தால் பாதி பதற்றம் குறையும். குளிர்க் கூச்சம் விநாடிகளில் அடங்கி, நாளுக்கு நாள் குறைந்துவந்தால் இரண்டு மூன்று வாரம் காத்திருக்கலாம். 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட் உதவும், பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். கடித்தால் வலி என்றால் காத்திருக்க வேண்டாம், மறுநாளே வரலாம். கடியை விடும்போது சுரீர் என்றால் பல்லில் விரிசலைத் தேட வேண்டும். சூடு பட்டால் தெறிப்பது, குளிர் வலி அரை நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, ஒன்றும் படாமலே விண்விண் என்று வலித்துத் தூக்கத்தைக் கெடுப்பது இவையெல்லாம் உள்ளே பல்கூழ் (நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்மையான பகுதி) மீளாத நிலைக்குப் போய்விட்டதன் அடையாளம். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே வர வேண்டும்.

வலிக்கு இப்யூப்ரோஃபென் 400 மில்லிகிராம் சாப்பாட்டுக்குப் பிறகு, தேவைப்பட்டால் பாராசிட்டமாலும் சேர்த்து. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து, கர்ப்பம் இவற்றில் ஏதேனும் இருந்தால் இப்யூப்ரோஃபென் கேட்காமல் கூடாது. டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் தொடவே கூடாது. ஆன்டிபயாட்டிக் பல்கூழ் வலியைக் குறைக்காது; மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது வீண். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைத்தால் ஈறு வெந்துபோகும்.

ஆழமான சொத்தை என்றால் இது வேர் சிகிச்சை வரை போகலாம் என்பதை அடைப்பதற்கு முன்பே எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார்கள். அப்படிப் போக நேர்ந்தால், பல்கூழில் அழற்சி கண்ட கீழ்க் கடைவாய்ப் பல் எளிதில் மரக்காது. உதடு மரத்தும் பல் மரக்காமல் இருக்கும். பயந்தவருக்கு அந்த நேரத்தில் வலித்தால் அதுவரை சேர்த்த நம்பிக்கை முழுதும் போய்விடும். பல்லில் குளிர் வைத்துப் பார்த்து, உணர்வு இருந்தால் பல்லை ஒட்டிய இடத்தில் கூடுதல் ஊசி போட்டுக் காத்திருந்து, மறுபடி குளிர் வைத்துப் பார்த்த பிறகே திறக்க வேண்டும்.