நாங்கள் அளக்காத காற்று

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த உணவகத்தின் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் முகத்தில் அடிப்பது வாடைதான். கெட்டுப்போன சரக்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சாக்கடை வாடை. தரையில் உள்ள வடிகாலுக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்று மேலேறி வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். புழக்கம் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தால் அது வற்றிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். 2020-இல் உணவகம் உணவகமாகப் போய் நான் சொன்ன முதல் ஆலோசனை இதுதான். வாடை அடங்கியதும் உரிமையாளர் முகத்தில் ஒரு தெளிவு வரும். கடைக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்ற தெளிவு.

நான் ஓர் உள்ளாட்சி அமைப்பின் சுகாதாரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதன் பிறகு உணவகங்களையும் பார்களையும் மூடச் சொல்லும் அறிவிப்பைக் கதவு கதவாக ஒட்டியது நாங்கள்தான். ஒட்டிய அதே கைகள்தான் பிறகு அதைக் கிழித்தெடுக்கவும் செய்தன. அதற்கு முன்பெல்லாம் எங்கள் வண்டி வாசலில் நின்றால் சமையலறையில் ஒரு பதற்றம் பரவும். எதையாவது எடுத்து மறைப்பார்கள். யாராவது பின்வாசல் பக்கம் நழுவுவார்கள். மறுதிறப்புக் காலத்தில் எங்களுக்காக வாசலிலேயே காத்து நின்றார்கள். என் பணிக்காலத்தில் அதற்கு முன் அப்படியொரு காத்திருப்பை நான் பார்த்ததில்லை.

குழுவில் மூன்று பேர். உரிமப் பிரிவிலிருந்து ஒருவர், பொறியியல் பிரிவிலிருந்து ஒரு இளம் பொறியாளர், அவர்களோடு நான். நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வேலைகளே நிறைய இருந்தன. குழாயில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். 25 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பு அதற்கு உகந்தது. அதனால் எல்லாக் குழாய்களையும் திறந்து, பழைய தண்ணீர் முழுவதும் வடியும்வரை ஓட விட வேண்டும். பார்களில் பீப்பாயிலிருந்து வரும் குழாய்களைத் தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும். எலித் தொல்லை வேறு. உணவகங்கள் மூடியதால் இரை கிடைக்காத எலிகள் வழக்கத்துக்கு மாறான மூர்க்கத்தோடு அலையக்கூடும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2020 மே மாதத்தில் எச்சரித்திருந்தது. இவையெல்லாம் எங்களுக்குப் பழகிய வேலைகள். கை தானாகச் செய்யும்.

பழகாத வேலை, டேப்பைப் பிடித்து மேசைகளுக்கு நடுவே அளப்பது.

நாங்கள் போன முதல் நாட்களில் ஒரு சிறிய உணவகம் இருந்தது. உரிமையாளர் வயதானவர், கணக்கைத் தானே எழுதுகிறவர். நான் அளந்துகொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "சார், ஒரு மீட்டரா, இரண்டு மீட்டரா? முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். நடுவில் இருக்கும் அந்த ஒரு மீட்டரில்தான் என்னுடைய நான்கு மேசைகளும் இருக்கின்றன."

நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் குறைந்தது ஒரு மீட்டர் என்றது. அமெரிக்காவில் ஆறு அடி. இங்கிலாந்தில் இரண்டு மீட்டர் என்று சொல்லிவந்து, ஜூலை 4 அன்று பார்களைத் திறந்தபோது, மற்ற பாதுகாப்புகள் இருந்தால் ஒரு மீட்டர் போதும் என்று தளர்த்தினார்கள். ஒரே கிருமிக்கு இத்தனை அளவா என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் குற்றமில்லை. எங்கள் உத்தரவில் இருந்த அளவை நான் சொன்னேன். மேசைகளை நகர்த்தினோம். பாதிக்கு மேல் வெளியே போயிற்று. "வாடகை பாதியாகாதே" என்று மட்டும் சொன்னார்.

அன்று எங்கள் பொறியாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். கையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்து வெளியே போகும் வரை எங்கெல்லாம் நிற்பார் என்று தரையில் புள்ளி வைத்துக்கொண்டே நடந்தார். வாசலில் இடத்துக்காக நிற்கிறார். கை கழுவ நிற்கிறார். கல்லாவில் நிற்கிறார். கழிப்பறைக்குப் போகும் குறுகலான வழியில் எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி நிற்கிறார். புள்ளிகள் எல்லாம் அந்த நான்கு இடங்களில்தான் குவிந்தன. மேசைகளுக்கு நடுவே மிகவும் குறைவு. கல்லாவை வாசல் பக்கம் மாற்றினோம். காத்திருப்பவர்களை வெளியே நிறுத்தினோம். கை கழுவும் இடத்துக்கு எதிரில் இருந்த அலமாரியை எடுத்தோம். அந்த அலமாரி போன இடத்தில், உத்தரவில் சொன்ன இடைவெளியோடு ஒரு மேசையைப் போட முடிந்தது. பெரியவர் அந்த மேசையைத் தானே துடைத்துப் போட்டார்.

அன்று முதல் எங்கள் வேலையின் போக்கு மாறியது. எங்களுக்கு வந்த வழிகாட்டுதல்கள் பல துறைகளிலிருந்து வந்தவை; ஒன்று சொன்னதை இன்னொன்று வேறு மாதிரிச் சொன்னது. அடுப்பையும் வாசலையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவரால் அத்தனையையும் படிக்க முடியாது. இரண்டு இரவு உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கினோம். மேலே மேற்பரப்புச் சுத்தம். அதற்குக் கீழே இடைவெளி, முகக்கவசம், கை கழுவுதல். கடைசி வரியில் 'காற்றோட்டம் இருக்கட்டும்' என்று ஒரு பொதுவான சொல். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

வெளியிடத்தில் மேசை போட அனுமதிப்பதுதான் அப்போது பல நகரங்களுக்குக் கிடைத்த வழி. லித்துவேனியாவின் தலைநகரம் வில்னியஸ், 2020 ஏப்ரலிலேயே தன் பொதுவெளிகளை உணவகங்களுக்குக் கொடுத்தது. நியூயார்க் ஜூனில் நடைபாதையையும், வண்டிகள் நிறுத்தும் ஓரத்தையும் திறந்துவிட்டது. 10,000-க்கும் அதிகமான உணவகங்கள் அதில் சேர்ந்தன. இங்கிலாந்தில் கொண்டுவந்த சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. நடைபாதை உரிமத்துக்கான விண்ணப்பத்தின் மீது உள்ளாட்சி அமைப்பு குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்காவிட்டால், உரிமம் கிடைத்ததாகவே பொருள். காலம் கடத்துவதன் சுமையை விண்ணப்பித்தவர் தலையில் வைக்காமல் அலுவலகத்தின் தலையில் வைத்த ஏற்பாடு அது. எங்கள் உரிமப் பிரிவு நண்பர் அதைப் படித்துவிட்டு, தன் மேசையில் இருந்த கோப்புகளை அன்று மாலையே முடித்துக் கொடுத்தார்.

ஆனால் நடைபாதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி உடனே வந்தது. வெள்ளைக் கோலோடு தினமும் அதே வழியில் நடந்து பழகிய ஒரு பார்வையற்றவர், ஒரு காலையில் புதிதாகப் போட்ட நாற்காலியில் மோதி விழுந்தார். அவர் புகார் எழுதவில்லை. அந்த உணவகத்தின் சப்ளையர் ஒருவர்தான் எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். அதன் பிறகு, சக்கர நாற்காலி தடையின்றிப் போகும் அளவுக்குப் பாதையை விடாமல் ஒரு மேசைக்கும் அனுமதி தரவில்லை. மேசைகளைச் சுற்றி, கோலுக்குத் தட்டுப்படும்படி தரையை ஒட்டித் தடுப்பு வைக்கச் சொன்னோம். முதல் நாளே எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

இனி, காற்று.

சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஓர் உணவகத்தில் நடந்ததைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை அந்த நாட்களில் படித்தேன். 2020 ஜனவரி 24. ஜன்னல் இல்லாத, ஏசி ஓடும் தளம். பக்கத்துப் பக்கத்து மேசைகளில் மூன்று குடும்பங்கள். ஒருவரிடமிருந்து தொடங்கி, அந்த மூன்று மேசைகளையும் சேர்ந்த பத்துப் பேருக்கு நோய். அதே தளத்தில் இருந்த மற்ற வாடிக்கையாளர்களுக்கும் பரிமாறியவர்களுக்கும் வரவில்லை. மேசைகளுக்கு நடுவே சுமார் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தது. ஏசியின் காற்று அந்த மூன்று மேசைகளுக்குள்ளேயே போய்த் திரும்பிச் சுழன்றிருக்கிறது. எக்ஸாஸ்ட் விசிறிகள் நிறுத்தி அடைக்கப்பட்டிருந்தன என்பது பின்னால் நடந்த ஆய்வில் தெரிந்தது.

படித்து முடித்தபோது எனக்கு அந்தப் பெரியவரின் உணவகம்தான் கண்முன் வந்தது. அங்கே மேசைகளை அளந்தேன். கிருமிநாசினிக் கலவையின் அளவைச் சரிபார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பினேனா? நினைவில்லை. மறுநாள் காலையில் தனியாகப் போனேன்.

ஒரு டிஷ்யூ தாளை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் விசிறியின் முன்னால் பிடித்தேன். காற்று வெளியே போனால் தாள் விசிறியின் வலைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. கையை விட்டதும் நேராகக் கீழே விழுந்தது. மறுபடி பிடித்தேன், மறுபடி விழுந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால், வெளிப்புறத் தகடுகள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் மூடியே கிடந்தன. விசிறி சத்தம் போட்டுக்கொண்டு, உள்ளே இருந்த காற்றையே கிளறிக்கொண்டிருந்தது. சுவரின் மறுபக்கத்தில் இரண்டு ஜன்னல்கள். ஏசி போட்ட காலத்தில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

பெரியவர் எங்கள் தாளை மேலிருந்து கீழாக அப்படியே பின்பற்றியிருந்தார். மேசைக்கு மேசை கண்ணாடித் தடுப்பு. லிட்டர் கணக்கில் கிருமிநாசினி. நாற்காலியின் கால்களைக்கூடத் துடைக்க ஓர் ஆள். கையில் இருந்த பணம் எல்லாம் அந்தத் தாளின் முதல் வரிகளுக்கே போய்விட்டது. நான் அவரிடம், "ஐயா, நாங்கள் சொன்ன வரிசை சரியில்லை, ஜன்னலைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். சொல்லும்போது குரல் கம்மியது. அவர் கோபப்படவில்லை. உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்தார். ஆணிகளைப் பிடுங்க அரை நாள் ஆயிற்று.

தாளை மாற்றினோம். காற்று முதல் வரிக்கு வந்தது. பொருட்களின் மேற்பரப்பைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு, ஒரு தொடுகைக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொன்னது. அறிவியல் படிப்படியாகத்தான் தெளியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குவாங்சோ கட்டுரை வந்து பல மாதங்கள் ஆன பிறகும் மேசை துடைப்பதையே முதன்மையாகச் சொன்ன உத்தரவுகள் வந்துகொண்டிருந்தன. துடைப்பது கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுத்து அனுப்பலாம், சான்று காட்டலாம். காற்றைப் படம் எடுக்க முடியாது. மற்றவர்கள் எப்படியோ, எங்கள் தாளில் காற்று கடைசி வரிக்குப் போனதற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

பார்களில் இது இன்னும் கடினம். பாதாளத் தளம், இருட்டு, உரத்த இசை. இசை உரக்க உரக்க மனிதர்களும் உரக்கப் பேசுவார்கள். உரக்கப் பேசினால் வாயிலிருந்து வெளிவரும் நுண்துளிகள் கூடும். ஒலியைக் குறைக்கச் சொல்வதைவிடச் செலவில்லாத பாதுகாப்பு வேறில்லை. நாம் வெளிவிடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயு அறையில் எவ்வளவு தேங்குகிறது என்று அளக்கும் சிறு கருவி ஒன்றை நாங்கள் எடுத்துப்போவோம். வெளிக்காற்றில் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) சொச்சம் காட்டும். உள்ளே 800-க்குக் கீழே இருந்தால் நல்ல காற்றோட்டம். 1,500-க்கு மேலேயே நின்றால் மோசம். ஒரு பாரில் அதைக் கவுன்டரில் வைத்தேன். எண் ஏற ஏற, பரிமாறும் இளைஞர்கள் வேலையை விட்டு அதையே பார்த்தார்கள். பின்கதவைத் திறந்தோம், எண் மெல்ல இறங்கியது. அதற்குப் பிறகு அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே பாரில்தான், நான் கிளம்பும்போது ஒரு சப்ளையர் படிக்கட்டு வரை கூடவே வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், காய்ச்சல் இருந்தால் வேலைக்கு வராதே என்று உங்கள் தாளில் இருக்கிறது. வராவிட்டால் அன்றைய கூலியை யார் கொடுப்பார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. ஜன்னலைத் திறக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. மேசையை எடுக்கச் சொல்ல உண்டு. உடல்நலமில்லாத நாளுக்குக் கூலி கொடு என்று சொல்ல, நான் வகிக்கும் பதவிக்கு அதிகாரம் கிடையாது. காய்ச்சலோடு ஒருவர் எட்டு மணி நேரம் அந்த அறையில் நின்றால், நாங்கள் திறந்து வைத்த ஜன்னல்கள் எத்தனை தாங்கும்? எழுதி மேலே அனுப்பினேன். குறித்துக்கொண்டதாகப் பதில் வந்தது. எங்களால் முடிந்தது, ஆய்வுப் படிவத்தின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தது மட்டும்: 'நோயுற்ற நாளுக்கு ஊதியம் உண்டா?' கேட்பதற்கு அதிகாரம் தேவையில்லையே. அந்தக் கேள்வியைக் கேட்டதாலேயே சில உரிமையாளர்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். பெரியவர் கொடுத்தார். பலர் 'இல்லை' என்று எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் கல்லாவும் காலியாகத்தான் இருந்தது.

அவசர காலம் முடிந்ததும் அந்தப் படிவத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இப்போது பழைய படிவம்தான். அதில் காற்றோட்டத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, ஊதியத்துக்கு இல்லை. நான் இன்னும் சட்டைப் பையில் ஒரு டிஷ்யூ தாள் வைத்திருக்கிறேன். விசிறியின் முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு, சமையலறைக்குள் போய், அங்கே நிற்பவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். பதிலைப் படிவத்தின் ஓரத்தில், இடமிருக்கும் அளவுக்கு எழுதுகிறேன்.