ஆறு முகங்களில் போருக்கு ஒன்றுதான்: குன்றக்குடி தரிசனம்

பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே குன்றக்குடிக்கு வந்தோம். செட்டிநாட்டுப் பக்கம் அண்ணன் தம்பி இருவரையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வழக்கம்.

இந்த மலையே ஒரு மயில். அன்னமும் கருடனும் உன்னைவிட வேகமாம் என்று அசுரர்கள் மூட்டிவிட, மயில் ஆத்திரத்தில் இரண்டையும் விழுங்கிவிட்டது. முருகன் சபித்தார், மயில் மலையானது என்கிறது தலபுராணம். சபித்தவரே அதன் மேல் வந்து குடியிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்கு மனசு கரைந்துவிடும்.

படியேறிப் போனால் சண்முகநாதர். ஆறு முகம், பன்னிரு கை, மயில்மேல் அமர்ந்த கோலம். வள்ளிக்கும் தெய்வானைக்கும் தனித்தனி மயில். மாமரமாக நின்ற சூரனை வேலால் பிளந்த தேவசேனாபதி இவர். பன்னிரு கை என்றதும் எல்லாவற்றிலும் ஆயுதம்தான் என்று தோன்றும். ஆனால் திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் பாடும் முருகனைப் பாருங்கள். ஒரு முகம் இருள் நீக்கி உலகுக்கு ஒளி தருகிறது, ஒன்று வரம் கொடுக்கிறது, ஒன்று வேள்வியைக் காக்கிறது, ஒன்று மறைபொருளை ஆராய்ந்து விளக்குகிறது. ஒரே ஒரு முகம்தான் போர்க்களத்தைப் பார்க்கிறது. ஆறாவது வள்ளியோடு சிரித்துக்கொண்டிருக்கிறது! கைகளும் அப்படித்தான். ஒன்று அங்குசம் பிடிக்க, இரண்டு கேடயமும் வேலும் சுழற்றுகின்றன. மற்றவற்றில் ஒன்று மணி ஒலிக்கிறது, ஒன்று மழை பெய்விக்கிறது.

குருக்கள் தீபத்தை மெல்ல உயர்த்தினார். அலங்காரத்தில் கைகள் பாதி மறைந்திருந்தன. மாலைகளுக்கு மேலே வேலின் நுனி மட்டும் சட்டென்று மின்னியது. பக்கத்தில் ஒரு ஆச்சி, "முருகா, பிள்ளைகளைப் பார்த்துக்கப்பா" என்றார். போர்க்கோலத்தில் இருப்பவரிடம் இவ்வளவு உரிமையாகக் கேட்க முடிகிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துத் திருப்பத்தூரில் தூக்கிலேறிய பெரிய மருது இவருடைய பக்தர். அவருக்கு வந்த ராஜபிளவை என்ற கொடிய கட்டி, முருகன் திருநீற்றால்தான் ஆறியது என்று இங்கே இன்றும் சொல்வார்கள். மருது சகோதரர்கள் கோயிலுக்குத் திருப்பணியும் செய்திருக்கிறார்கள்.

இறங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். அடிவாரத்தில் பாண்டியர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. அங்கே திருமாலின் பக்கத்தில் கருடன் மனித வடிவில் நிற்பார். மேலே மயிலின் கதையைக் கேட்டுவிட்டு வந்து அவரைப் பார்ப்பது தனி அனுபவம். அப்புறம், தைப்பூசத்தை ஒட்டி வந்தால் பழநிக்கு நடக்கும் நகரத்தார் காவடிகள் இங்கே கூடுவதையும் பார்க்கலாம்.