லீவு தேதியை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆள் நிர்வாகம் பார்க்கிறேன். ஊக்கப்பரிசு என்றதும் முதலாளிகளுக்கு ஸ்வீட் பாக்ஸும் எவர்சில்வர் டிபன் கேரியரும்தான் நினைவுக்கு வரும். தீபாவளி போனஸையும் சிலர் பரிசுக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அது சட்டப்படி வரவேண்டிய காசு, குறைந்தபட்சம் 8.33 சதவீதம். அதைக் கொடுத்துவிட்டுப் பெருமை பேசினால் டெய்லர்கள் உள்ளுக்குள் சிரிப்பார்கள்.

பைசா செலவில்லாமல் பலித்தது வேறு: தீபாவளி லீவு தேதி. ஷிப்மென்ட்டைக் காரணம் காட்டி, கடைசி வாரம் வரை வாயே திறக்காத கம்பெனிகள் இங்கே உண்டு. ரயில் முன்பதிவோ 60 நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. பண்டிகை டிக்கெட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தேதி தெரியாதவர், கைக்குழந்தையோடு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பஸ்ஸில் இடிபட்டுத்தான் போகவேண்டும். எங்களிடம் இப்போது முன்பதிவு தொடங்குவதற்குள் நோட்டீஸ் போர்டில் தேதி ஏறிவிடும். பீகார்க்காரர்களுக்குக் கீழே தனியாக ஒரு வரி, இந்தியில். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்களுக்குச் சத் பூஜை. அதை முடித்துக்கொண்டு வரலாம். முன்பு கேட்டால் கிடைக்காது என்று சொல்லாமலே போவார்கள், திட்டுக்குப் பயந்து வேறு கம்பெனியில் சேர்ந்துவிடுவார்கள். இப்போது பெரும்பாலோர் திரும்பி வருகிறார்கள், கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து பொரித்த தேகுவாவோடு. கல் மாதிரி இருக்கும், ஆனால் டீயோடு அருமை.

‘மாதத்தின் சிறந்த தொழிலாளி’ போட்டோ மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓவர்லாக் மெஷினில் தோள் மூட்டுகிறவருக்குப் பீஸ் கடகடவென்று விழும். கழுத்துக்கு ரிப் என்கிற இழுபடும் பட்டி வைக்கிறவருக்கு அப்படி விழாது. பண்டல் பிரித்துக் கொடுக்கும் ஹெல்பர் அக்காவின் போட்டோ சுவரேறி நான் பார்த்ததே இல்லை. அவர் ஒருநாள் வராவிட்டால் லைனே, அதாவது அந்தத் தையல் வரிசை மொத்தமும், நொண்டும்.

அதனால் லைன் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் பரிசு. ஆல்ட்ரேஷன், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டிய பீஸ், அதிகமில்லாமல் வார டார்கெட்டை முடித்தால், சனிக்கிழமை சம்பளம் வெட்டாமல் அரை மணி நேரம் முன்னதாகப் போகலாம். சம்பளக் கவரோடு கூட்டத்துக்கு முன்பே சந்தைக்குப் போய்விடலாம் என்று பெண்களுக்கு அதில் பரம திருப்தி. ரூமில் தங்கியிருக்கும் பையன்கள் முகம் சுளித்தார்கள். “சீக்கிரம் போய் என்ன பண்றது சார், பஜ்ஜி வாங்கிக் கொடுங்க” என்றார்கள். சரி, அந்தந்த லைனே முடிவு பண்ணட்டும் என்று விட்டுவிட்டோம். கடைசி லைனில் மட்டும் வாராவாரம் இதற்கு ஒரு சண்டை நடக்கிறது.