பாம்பெர்க்: புகை மணக்கும் கறுப்பு பீர்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர விடுதியில் குளிக்கத் துண்டு கேட்டால் அதற்கும் தனி வாடகையாம். படுக்கைக்கு வாங்கிய காசு போதாதா? அந்தக் கடுப்பு பாம்பெர்க் போய்ச் சேரும்வரை தணியவில்லை.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதெல்லாம் அப்புறம். ஆற்றின் நடுவே நிற்கும் பழைய நகர மன்றம், நாலு கோபுரப் பேராலயம், 1993-ல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரம் எல்லாம் கூகுளில் இருக்கிறது. பாம்பெர்க்கின் புகை பீருக்கு வருகிறேன்.

பேராலயக் குன்றின் அடியில், டொமினிக்கானர் தெருவில் ஷ்லெங்கர்லா. 1405-லேயே பதிவில் இருக்கும் மதுக்கூடம். கறுத்துப்போன உத்தரங்கள், நீள மர மேசைகள். தனி மேசையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. இடம் இருக்கும் பெஞ்சில் யார் பக்கத்திலாவது ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். மரப்பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்த அரை லிட்டர் வந்தது. பார்க்கக் கறுப்பு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் செம்பழுப்பு. மேலே கெட்டியான நுரை.

மூக்கருகே கொண்டுபோனதும் மாசிக்கருவாட்டு டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது. சத்தியமாக. என் முகம் போன போக்கைப் பார்த்து எதிரில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "ஒன்றோடு எழுந்துவிடாதீர்கள், மூன்றாவதில்தான் பிடிபடும்" என்றார். எனக்கு முதல் டம்ளர் பாதியிலேயே பிடிபட்டது. மூக்கு பழகப் பழகப் புகை பின்னால் போய், மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இனிப்பு மேலே வருகிறது. விழுங்கியதும் நாக்கை உலர்த்தும் மெல்லிய கசப்பு. இவ்வளவு அழுத்தமான பீரில் ஆல்கஹால் 5.1 சதவீதம்தான்.

ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் வரும் காபிக் கசப்பு இதில் கிடையாது. அது கருக வறுத்த பார்லியின் வேலை. இங்கே முளைகட்டிய பார்லியைப் பீச் மர விறகின் புகையிலேயே உலர்த்துகிறார்கள் (பழம் தரும் பீச் அல்ல, இது காட்டு மரம்). ஒரு காலத்தில் பல ஊர்களிலும் விறகு நெருப்பில்தான் மால்ட் காய்ந்தது. பீரில் புகை வாடை சகஜம். புகை படாத உலர்த்தும் சூளைகள் வந்ததும் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். இவர்கள் விடவில்லை. வேடிக்கை என்னவென்றால், புகை மால்ட்டே சேர்க்காத வெளிர் பீர் ஒன்றும் இங்கே உண்டு. அதே காய்ச்சும் கொப்பரை, அதே ஈஸ்ட் என்பதால் அதிலும் லேசாகப் புகை மணக்கிறது!

சாப்பாடு: பாம்பெர்க் வெங்காயம். கைக்குள் அடங்காத வெங்காயத்தைக் குடைந்து, பன்றிக் கொத்துக்கறி அடைத்து, மேலே பேக்கன் வைத்து, இதே பீரில் செய்த குழம்போடு தருகிறார்கள். தட்டை வழித்துவிட்டேன். பன்றி ஆகாதவர்களுக்கு இந்த ஊர் மெனுவில் வழி குறைவு, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் ஸ்பெட்சியால், 1536-லிருந்து இருக்கும் இன்னொரு புகை பீர்க்காரர். இங்கே புகை அடக்கம். முதலில் இதைக் குடித்துப் பழகச் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஷ்லெங்கர்லாவுக்குப் பிறகு இது சப்பென்று இருந்தது.

சரி, செலவு. பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் ரயில் டிக்கெட்) எடுங்கள். ஐந்து பேர்வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது. இரண்டு பாட்டில் வாங்கிச் சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். காலி பாட்டிலைத் திருப்பினால் பாட்டிலுக்கு 8 சென்ட் முன்பணம் திரும்பக் கிடைக்கும். சென்னையில் யார் தரப்போகிறார்கள்?